மூன்று மணிக் கஞ்சி

தலைமையாசிரியைப் பதவியை விட்டு விலகி, நாற்பத்தாறாம் வயதில் தியான இல்லத்தில் சேர்ந்தவர் எமரென்சியா. தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன் தொடங்கி, ஞாயிறு நீங்கலாக, நாள்தோறும் ஒருசந்தி இருந்துவந்தார். ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, அவ்வளவே.

மூன்று வாரம் கழிந்ததும் இல்லத் தலைவி அன்னை பிலோமினாவிடம் சென்றார்.

“அன்னையே, புனித வாரம் முழுவதும் தண்ணீர் மட்டும் அருந்தி இருக்க அனுமதி வேண்டும்.”

“இப்போதைய நோன்பு போதவில்லையா?”

“பழகிவிட்டது. சிரமமே தெரியவில்லை.”

“அப்படியா? இன்று அடுக்களையிலேயே அமர்ந்து கஞ்சி குடித்துவிட்டு வாருங்கள்.”

மூன்று மணிக்குச் சமையற்காரி சவேரியம்மாள் கிண்ணத்தை வைத்தாள். வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உடம்பு சரியில்லையா?”

“பசிதான் சிஸ்டர். நீங்க குடிங்க.”

“இன்னுமா சாப்பிடவில்லை?”

“எல்லாரும் சாப்பிட்ட பிறகுதானே அடுப்படி ஆளு சாப்பிடணும்? எங்க அம்மா இங்க சமைச்ச காலத்துலேர்ந்து அதுதான் வழக்கம்.”

“தினமுமா இப்படி?”

“நீங்க ஒருசந்தி பிடிச்ச நாள்லேர்ந்து. ஞாயித்துக்கிழமை மட்டும் தப்பிச்சேன்.” சவேரியம்மாள் சிரித்தாள். “பரவாயில்ல. மோட்சத்துல கதவு திறந்தா என்னையும் உள்ள இழுத்துக்கோங்க.”

எமரென்சியாவால் சிரிக்க இயலவில்லை. சென்ற வாரம் இருமுறை, ஆறிவிட்டதென்று கஞ்சியைத் திருப்பி அனுப்பியிருந்தார். காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியவள்தான் இருமுறையும் அதைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள்.

கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “முதலில் நீங்கள் குடியுங்கள்.”

“ஐயையோ, வேணாம் சிஸ்டர். நீங்க முடிக்காம எனக்குத் தொண்டையில இறங்காது.”

எமரென்சியா அவசரமாக, நாக்குச் சுடச்சுடக் குடித்து முடித்தார்.

பிறகு அன்னையின் அறை வாசலில் வந்து நின்றார். தலை நிமிரவில்லை.

“நாளை முதல் பன்னிரண்டு மணிக்கு எல்லாரோடும் உண்கிறேன்.”

“நல்லது.”

“உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“நேற்றுப் பாத்திரத்தோடு தடுமாறி விழப்போனாள். அப்போதுதான் விசாரித்தேன். மூன்று வாரமாக எனக்கும் கண் தெரியவில்லை, சகோதரி.”

எமரென்சியா மெல்லக் கேட்டார்:

“அப்படியானால் இத்தனை நாள் நோன்பும் வீண்தானா?”

“வீணாகவில்லை. அதை நோற்றவள் சவேரியம்மாள்.”