தட்டைச் சுற்றிக் கையெழுத்து

செவந்தியக்கா சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. ஒரு மேனேஜர் இவ்வளவு சுலபமாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வாரா?

உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் அக்காவுக்குக் கழிவுப் பஞ்சு கூட்டும் வேலை. ஒருநாள் மேனேஜர் கஜேந்திரன் கூப்பிட்டார்.

"சங்கக் கூட்டத்துல ஸ்ட்ரைக்னு முதல்ல பேச்செடுத்தது யாரு? நாளைக்குப் பேரை எழுதிக் கொண்டா. இல்லேன்னா நீ வேலைக்கே வராதே."

கூட்டத்தில் பேசியது கூட்டத்தோடு இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் கட்டுப்பாடு.

மறுநாள் அக்கா ஒரு தாளை நீட்டினார். கேண்டீன் தட்டைக் கவிழ்த்து வரைந்த வட்டத்தைச் சுற்றி நாற்பத்தாறு உறுப்பினர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கஜேந்திரன் தாளை பஸ் ஸ்டியரிங் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாரு முதல்?"

"நீங்க எங்கிருந்து படிக்கறீங்களோ, அவங்கதானுங்க சார்."

"திமிரா? துரைக்கண்ணு பேரு எதுக்கு இதுல? அவன் கூட்டத்துக்கு வந்ததே டீ குடுத்து முடிஞ்ச பிறகுதானே!"

அக்கா தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டுக் குடிச்ச டீங்க சார் அது. உங்களுக்குச் சேதி சொல்றது யாருன்னு தெரியாம நாங்களும் ஒரு மாசமாத் தவிச்சோம்."

அவரை வெளியே அனுப்ப எழுந்த கஜேந்திரன் கதவைத் திறந்தார். துரைக்கண்ணு ஒருவனைத் தவிர, கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மில் மூடியே வெகுகாலம் ஆகிவிட்டது என்ற தைரியத்தில், போன மாதம் அக்காவிடம் கேட்டே விட்டேன். யாருடைய கேள்வியைக் கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ஏனுங்க்கா, அன்னைக்கு முதல்ல பேச்செடுத்தது யாருங்க?"