பதினோராயிரம் ஊரும் ஒரு பிள்ளையும்

இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்கப் போவதில்லை. கேட்ட மூன்று பேரில் ஒருவரும் நம்பவில்லை. சொன்னவர் மட்டும் முழுசாக நம்பினார். அவர் என் வீட்டுக்காரர், எட்வின்.

பிரசவ விடுமுறை முடிந்து திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஐந்து மாத அமலியைப் பகலில் யார் பார்ப்பது? போன மாதம் அவளுக்குப் பால் புரையேறி முகம் நீலமாகிவிட்டது. அன்றிலிருந்து, அவள் தூங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிற ஆள் நான். வீட்டிலிருந்தே வேலை செய்கிற எட்வின், "நான் இருக்கேன்ல!" என்றுவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அண்ணன் பிரகாசத்துக்குப் புரையேறாதது ஆச்சரியம். எதிர்வீட்டு லில்லிபுஷ்பம் அக்கா, முப்பது வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர், கையில் எடுத்த எலும்பைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"யாரு தம்பி, நீங்களா?"

"அறுநூறு வருஷம் சோழநாட்டைப் பாத்துக்கிட்டவன்க்கா நான். ஒரு பிள்ளையைப் பாத்துக்க மாட்டேனா?"

அந்தச் சோழநாடு இருப்பது அவருடைய கம்ப்யூட்டரில். 'ஆயிரமாண்டு அரியணை' என்று ஒரு கேம். ராஜாவாக உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாக ஆள வேண்டுமாம்.

"சாதாரண கேம்னு நெனச்சுடாதீங்க. பதினோராயிரம் ஊரு. ஒவ்வொரு ஊருக்கும் ஏரி, மடை, மாமன் மச்சான் சண்டை எல்லாம் உண்டு. இன்னைக்கு ஒரு மதகைத் திறக்க மறந்தீங்கன்னா, மூணு தலைமுறை கழிச்சு அங்க கலகம் வெடிக்கும். அவ்ளோ நுணுக்கம்! படிச்சவனே ஆட ஆரம்பிக்க மூணு வருஷம் ஆகும். நான் ஷேவ் பண்ணிக்கிட்டே கத்துக்கிட்டேன்."

"நேத்து மோட்டாரை நிறுத்த மறந்து மூணு மாடிக்கும் தண்ணி வழிஞ்சுதே மாப்ள," என்றான் அண்ணன். "அதுக்குக் கலகம் எப்ப?"

"மச்சான், அது ஒரு மோட்டார். நான் சொல்றது பதினோராயிரம்!"

சரி, குறையே இல்லையா அந்த கேமில் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"ஏன் இல்ல? படைக்கு வழி தெரியாது. குறுக்க ஒரு மரம் இருந்தா சுத்திப் போகத் தெரியாம அப்படியே நிக்கும். நர்மதைக் கரையில ஒரு புளியமரத்துக்கு முன்னாடி என் எண்பதாயிரம் பேரும் நாப்பது வருஷம் நின்னாங்க. வேற எவனா இருந்தாலும் கம்ப்யூட்டரை மூடியிருப்பான். நான் என்ன பண்ணேன்? அங்கேயே எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வச்சேன். மரத்தைச் சுத்திக் கோட்டை கட்டினேன். கடைசியில அதுதான் தலைநகரமே!"

"எண்பதாயிரம் பொண்ணுக்கு எங்க போனீங்க?" என்றார் அக்கா.

"எதிர்ப்படையும் அந்தப் பக்கம் அதே மரத்துலதான் மாட்டியிருந்துச்சு. அவங்க தங்கச்சிங்கதான்."

அண்ணன் தண்ணீர் குடித்தான். எட்வினுக்கு அதுவே கைதட்டல் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"இன்னொரு குறை, எதிரி ராஜாக்களுக்கு மூளை கிடையாது. நான் கேமைத் திறந்தாலே சமாதானத் தூது வந்துடும். ஒருநாள் திரையில எழுத்து வருது: 'ஐயா, உங்களுக்கு வீட்டுல வேலை எதுவும் இல்லையா?' அப்புறம் பூமியே தீந்துபோச்சு. பிடிக்க இடமில்ல. கேம் பண்ணின கம்பெனிக்காரங்களே போன் போட்டு, 'உங்களுக்காக ரெண்டு தாலுகா கூடுதலா வரையறோம், ரெண்டு நாள் பொறுத்துக்குங்க'ன்னு கெஞ்சினாங்க."

"எந்த பாஷையில மாப்ள கெஞ்சினாங்க?"

"அழுகைக்கு பாஷை ஏது மச்சான்?"

உள்ளே தொட்டிலில் அமலி அழுதாள். நான் தூக்கி வந்தேன். எட்வின் அவளைப் பார்த்துச் சிரித்தார், கை நீட்டவில்லை. கைக்கு அப்போது ராஜ்ஜியத்தை விரித்துக் காட்டுகிற வேலை இருந்தது.

அக்கா மெதுவாகக் கேட்டார். "அதுல பிள்ளைங்க எல்லாம் உண்டா தம்பி?"

"பிள்ளைங்களா! இருபத்திமூணு இளவரசர்களை வளத்தேன்க்கா. ஒருத்தன் ரெண்டு வயசுல ஒம்பது பாஷை பேசுவான். ஒருத்தன் தொட்டில்ல படுத்துக்கிட்டே சேர நாட்டுத் தூதரை மிரட்டி ரெண்டு துறைமுகம் வாங்கினான். மூத்தவன் வீரமாறன் நாலு வயசுல யானைப்படைத் தலைவன்."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

எட்வின் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார்.

"வீரமாறன் நல்லா இருக்கான்."

"மத்த இருபத்திரெண்டு பேரு?"

"அது... அதுவும் கேமோட குறைதான்க்கா. சின்னப் பிள்ளைங்க சட்டுனு போயிடும். நாம ஒரு கோட்டையைப் பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள ஜுரம்னு எழுத்து வரும், அடுத்த எழுத்துல ஆள் இருக்காது. முன்கூட்டி ஒரு எச்சரிக்கை கிடையாது."

என் விரல் தானாக அமலியின் மூக்கடிக்குப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். என்னைத் தேற்ற வேண்டுமே! அவசரமாகக் கையை ஆட்டினார்.

"பயப்படாத அருள்மேரி! முழுசாக் கேளு. அந்த கேமோட பெரிய பலமே அங்கதான் இருக்கு. அப்பப்ப சேவ் பண்ணி வச்சுக்கலாம். ஏதாவது ஆச்சுன்னா பழைய இடத்துக்குப் போய்த் திரும்ப ஆரம்பிக்கலாம். மத்தவங்களுக்கு நான் அவ்ளோ மெனக்கெடலை. வீரமாறன் பட்டத்து இளவரசனாச்சே, விட முடியுமா? முப்பத்தொம்பது தடவை செத்தான்க்கா அவன். நான் விடலையே! நாப்பதாவது தடவை பிழைக்க வச்சேன். இந்தப் பொறுமை வேற எந்த அப்பனுக்கு வரும், சொல்லுங்க?"

லில்லிபுஷ்பம் அக்கா எழுந்து கை கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என்னிடமிருந்து அமலியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு எட்டரைக்கு இவளை எங்க வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போ, அருளு."

"அக்கா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் எட்வின்.

"நம்பறேன் தம்பி. நாப்பதாவது பிள்ளை பிறக்கட்டும், உங்ககிட்டயே விடச் சொல்றேன். இது மொதப் பிள்ளை."