கண்ணாடியைக் கொத்திய காக்கைகள்

வெகு காலத்துக்கு முன்னால், முல்லையாற்றங்கரையில் இருந்த ஒரு நாட்டைக் கடம்பவேள் என்றொரு அரசன் ஆண்டான். மனம் குளிர்ந்தால் யானையைப் பரிசாகக் கொடுப்பான். முகம் சுளித்தால் தலையை வாங்குவான். எது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

அவன் ஆசை ஆசையாக ஒரு மாளிகை கட்டினான். திறந்த மேல்மாடிச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடிகள், எல்லாம் கப்பலில் வந்தவை. மூக்கன் என்ற கொத்தனார் அவற்றைச் சுவரில் பதித்தான். அவன் மனைவி சடைச்சி சுண்ணாம்புக் காரை சுமந்தாள்.

பங்குனி பிறந்ததும் காக்கைகள் வந்தன. விடிந்தால் போதும், டக், டக், டக் என்று கண்ணாடியைக் கொத்தின. ஓரத்துக் காரையைப் பிய்த்துப் போட்டன. வில்லாளிகள் ஒரு காக்கையை அடித்து வீழ்த்தினார்கள். அன்றைக்கே நூறு காக்கைகள் கூடி மாளிகையைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. ஐந்தாம் நாள் ஒரு கண்ணாடி பெயர்ந்து அரசனின் காலடியில் விழுந்து சிதறியது. சில்லு ஒன்று அவன் புருவத்தைக் கிழித்தது.

அரசன் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தான். "எமன்தான் தட்டுகிறானோ?" என்றான்.

அருகில் நின்ற சேந்தனுக்கு உள்ளுக்குள் இனித்தது. அரண்மனை அதிகாரியான அவன், கண்ணாடி பதிக்கும் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தரப் பார்த்து ஏமாந்தவன்.

"அரசே, அவை காக்கைகள் அல்ல, தங்கள் முன்னோர்கள். கொத்தன் ஏதோ குற்றம் செய்திருக்கிறான். குற்றவாளியைக் காட்டத்தான் அலகால் தட்டுகிறார்கள். அவனை அந்தச் சுவரிலேயே வைத்துப் பூசினால் அடங்குவார்கள்."

பயந்த அரசன் யோசிக்கவில்லை. "காக்கை ஒரு முறை கொத்தினால் ஒரு வரிசைக் கல் வை. அவை கொத்துவதை நிறுத்தினால் அவன் பிழைத்துப் போகட்டும்" என்று உத்தரவிட்டான்.

மறுநாள் காலையில் மேல்மாடிச் சுவரில் தோண்டிய இடுக்கில் மூக்கனை நிறுத்தினார்கள். அவனோடு வேலை செய்த ஆட்களின் கையிலேயே காரை பூசும் கரணையைக் கொடுத்தார்கள். காரை சுமக்கச் சடைச்சியையே இழுத்து வந்தார்கள். அரசன் எதிரே உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் சேந்தன்.

டக்.

ஒரு வரிசை ஏறியது. மறுபடி டக். கல் முழங்காலுக்கு வந்தது. கல் வைத்தவர்கள் மூக்கனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் அழக்கூட மறந்து, வானத்தில் வரும் ஒவ்வொரு காக்கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். கல் இடுப்பைத் தாண்டியது. நெஞ்சுக்கு வந்தது.

"ஏ புள்ள, மூச்சு முட்டுது" என்றான்.

எதிரே ஒரு காக்கை கண்ணாடி முன் வந்து உட்கார்ந்தது. "போ! போயிரு!" என்று கத்தியபடி சடைச்சி சட்டியிலிருந்த காரையை அள்ளி வீசினாள். கண்ணாடி முழுக்க வெள்ளையாக அப்பிக்கொண்டது. பறந்த காக்கை திரும்பி வந்தது. வெள்ளையை இப்படியும் அப்படியும் பார்த்தது. கொத்தவில்லை. தாவி, பளபளவென்றிருந்த அடுத்த கண்ணாடிக்குப் போய்ச் சிறகை விரித்துச் சீறியது.

டக்.

சடைச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் சித்தாள் சொன்னால் யார் கேட்பார்கள்? சேந்தன் ஒரு வார்த்தையில் அவளையும் சுவருக்குள் தள்ளிவிடுவான். அரசன் முன்னால் போய் விழுந்தாள்.

"மகாராசா! அதிகாரி அய்யா சொன்னது சரிதான். காக்கா குற்றவாளியைத்தான் காட்டுது. ஆனா என் புருசன் நிக்கிற இடத்தை அது தொடவே இல்லியே சாமி. கண்ணாடியைத்தானே கொத்துது? அப்ப கண்ணாடிக்குள்ள இருக்கிறவன்தானே குற்றவாளி?"

அரசன் நிமிர்ந்தான். "சேந்தா, முன்னோர்கள் தவறாகக் காட்டுவார்களா?"

"ஒருநாளும் காட்டமாட்டார்கள், அரசே!"

"அப்ப அய்யாவே போய்ப் பார்த்து, உள்ளே யார் இருக்கான்னு சொல்லட்டும்" என்றாள் சடைச்சி.

சேந்தன் அலட்சியமாக எழுந்து போனான். கண்ணாடி முன் நின்றான்.

"யார் தெரிகிறான்?" என்றான் அரசன். சேந்தன் பக்கவாட்டில் நழுவப் பார்த்தான். "சொல்!" என்று அரசன் வாளை உருவிய சத்தத்தில் காவலர்களே பின்வாங்கினார்கள்.

"நா... நான்தான் அரசே."

"இவனுக்கும் ஓர் இடுக்கு தோண்டுங்கள்!"

சேந்தன் தடாலென்று காலில் விழுந்தான். "ஐயோ அரசே! அது நானில்லை, என் நிழல்! கண்ணாடியில் தெரிவது வெறும் நிழல்தானே! அதை வைத்து என்னைக் கொல்லலாமா?"

"அதேதான் மகாராசா!" என்றாள் சடைச்சி. "அய்யாவுக்குத் தெரிஞ்சது காக்காவுக்குத் தெரியலை. கூடு கட்டுற காலம். தன் நிழலைப் பார்த்து, வேற காக்கா சண்டைக்கு வந்திருக்குன்னு கொத்துது. எமனும் இல்ல, முன்னோரும் இல்ல. கண்ணாடியில சுண்ணாம்பை அப்புங்க, போயிரும்."

ஆட்கள் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் காரையை அப்பினார்கள். பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று காக்கைகள் வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்று அலகைத் தூக்கியது. கல் வைத்தவனின் கையிலிருந்து கரணை நழுவி விழுந்தது. காக்கை அலகைக் கைப்பிடியில் இரண்டு தரம் தேய்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் பறந்தது. மற்ற இரண்டும் பின்னாலேயே போயின.

அரசன் சேந்தனின் தலைப்பாகையைக் கழற்றி, அதில் சுண்ணாம்புச் சட்டியை வைத்து அவன் கையில் கொடுத்தான். "இனி வருஷா வருஷம் பங்குனியில் இந்தக் கண்ணாடிகளுக்கு நீதான் பூச வேண்டும். ஊரார் கீழே நின்று பார்ப்பார்கள்." சடைச்சியிடம் திரும்பினான். "பெண்ணே, உன் அறிவுக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்."

அவள் அங்கே இல்லை. சுவரண்டை நின்று, ஈரக்காரையில் நகம் பெயர, கற்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கல் வைத்தவர்களும் ஓடிவந்து கை கொடுத்தார்கள். அரசனும் எழுந்து வந்து ஒரு கல்லை எடுத்தான்.

வெளியே வந்த மூக்கனுக்கு நிற்க முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வானத்தையே பார்த்தான்.

"காக்கா போயிருச்சா, புள்ள?"

"போயிருச்சு."

அதன் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.