ஆற்றைத் தாண்டச் சொன்ன கட்டுரை

"அவன் எழுதறது எழுத்தே இல்லைம்மா," என்றார் அம்பலவாணன்.

உமையாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"சேந்தன்."

"யாரு சேந்தன்?"

அம்பலவாணனுக்கு அந்தக் கேள்வியே இனித்தது. சேந்தனைத் தெரியாத ஒருவர் இந்த நாட்டில் இன்னும் மிச்சமிருக்கிறார்.

தலைநகரிலிருந்து ஒரு ரயில், ஒரு பஸ், அப்புறம் ஒரு மணி நேர ஏற்றம். மலைச்சரிவில் ஓட்டு வீடு. உமையாள் ஒரு காலத்தில் கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். தேடி வருகிறவர்கள் அவரை குரு என்றார்கள். அவர் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. அம்பலவாணனை விட வயதில் சிறியவர். ஆனாலும் மனது கெட்டுப்போகும்போதெல்லாம் அம்பலவாணன் அவரிடம்தான் வந்து உட்காருவார்.

இந்த முறை ரொம்பக் கெட்டிருந்தது.

"எங்க பேப்பர்ல இருக்கான். என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன். ஒற்றுப்பிழை திருத்திக் குடுத்ததே நான்தான்."

"சரி."

"இப்ப ஊரே அவனைத்தான் படிக்குது."

உமையாள் ஒரு காயைப் பிளந்தார். உள்ளே புழு. எடுத்துத் தூரப் போட்டார்.

"படிக்கட்டுமே."

"நாட்டுக்கு அது நல்லதில்லைம்மா. அதனாலதான் சொல்றேன்."

உமையாள் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். அம்பலவாணன் மொச்சையைப் பார்த்தார்.

*

நடந்தது இதுதான்.

நீலியாற்றுக்கு இந்தக் கரையில் ஒரு நாடு. அந்தக் கரையில் ஒரு நாடு. இரண்டு கரையிலும் பட்டாளம். இரண்டு நாட்டுச் சனங்களும் கலந்து நிற்கிற இடம் ஒன்றே ஒன்று. படகுத்துறைச் சந்தை. இங்கிருந்து வெங்காயம் போகும், அங்கிருந்து கருவாடு வரும்.

அந்தத் துறையில் குண்டு வெடித்தது. வைத்தவர்கள் காட்டுக்குள் இருந்து வந்த ஆயுதக் குழு. அக்கரை அரசுதான் அவர்களை வளர்க்கிறது என்றது இக்கரை. எங்கள் ஆட்களும்தானே செத்தார்கள் என்றது அக்கரை. படகு நின்றது. ஆற்றை நோக்கிப் பீரங்கிகள் நகர்ந்தன.

அம்பலவாணன் ஆண்டுக்கணக்காக இந்த இரண்டு நாடுகளைப் பற்றித்தான் எழுதிவருகிறார். அன்றைக்கும் எழுதினார். 'குண்டு வைத்தவனுக்கு வேண்டியது என்ன? படகு நிற்க வேண்டும். நிறுத்திவிட்டோம். அடுத்து அவனுக்கு வேண்டியது போர். அதையும் கொடுக்கப்போகிறோமா?' என்று கேட்டிருந்தார். எழுதி முடித்ததும் அவருக்கே திருப்தியாக இருந்தது.

அந்த வாரமே சேந்தன் எழுதினான். சந்தைக்குப் போன அவன் தங்கை தேன்மொழி, செத்தவர்களில் ஒருத்தி.

அவ்வளவுதான். பக்கத்தின் மேல்பாதி சேந்தனுக்குப் போயிற்று. அம்பலவாணன் கீழே இறங்கினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனார்.

"இன்னிக்கு ரயில்ல என் எதிர்ல ஒருத்தர்," என்றார் அம்பலவாணன். "பேப்பரைப் பிரிச்சார். சேந்தன் கட்டுரையைச் சத்தமாப் படிச்சார். பக்கத்துல அவர் சம்சாரம் அழுதாங்க. படிச்சு முடிச்சு பேப்பரை மடியில விரிச்சு, அது மேல இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சார்."

"அதுல என்ன?"

"சட்னி விழுந்தது என் படத்து மேல."

உமையாளுக்குச் சிரிப்பு வந்தது. அம்பலவாணனுக்கு வரவில்லை.

*

"அந்தப் பையன் எழுதினது இருக்கா?" என்று கேட்டார் உமையாள்.

அம்பலவாணன் சட்டைப்பையில் கைவிட்டார். இருந்தது. சேந்தனின் முதல் கட்டுரை, இரண்டாவது, மூன்றாவது. மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. சில வரிகளுக்கு அடியில் பேனாக் கோடு.

"உங்களோடது?"

அது தோள்பைக்குள் எங்கோ இருந்தது. தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

உமையாள் கையைத் துடைத்துக்கொண்டு அம்பலவாணனின் கட்டுரையை முதலில் படித்தார். முழுதாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"தப்பே இல்லை. சரியா இருக்கு."

பிறகு சேந்தனுடையதை எடுத்தார்.

'என் தங்கைக்கு இருட்டு என்றால் பயம். பிணவறையில் ஒரு விளக்கை அணைக்காமல் வைக்கச் சொல்லிக் கேட்டேன். வைத்தார்கள்.' இப்படித்தான் அது தொடங்கியது. ஒரு பத்தி முழுக்க அந்த விளக்கு. அடுத்த பத்தியில் காவலாளி. கடைசியில் ஒரே வரி: 'ஆற்றைத் தாண்டுங்கள்.'

உமையாள் படித்துவிட்டுத் தாளை மடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். கண்கள் நிறைந்திருந்தன.

அம்பலவாணனுக்கு வயிறு எரிந்தது. இங்கேயுமா?

"அழுவீங்கன்னு தெரியும்," என்றார். "எல்லாரும் அழறாங்க. ஆனா கடைசி வரியைப் பாருங்கம்மா. தாண்டினா என்ன ஆகும்? அந்தக் கரையில தங்கச்சிங்க இல்லையா?"

"இருப்பாங்க."

"அப்ப நான் சொல்றது சரிதானே?"

"சரின்னுதான் சொன்னேனே."

*

அம்பலவாணன் சேந்தனின் தாளை வாங்கி மறுபடி சட்டைப்பையில் வைத்தார். பிறகு பைக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்தார். இன்னும் அச்சாகாதது.

"ஞாயித்துக்கிழமை முதல் பக்கத்துல ஒரு கட்டுரை போடப்போறாங்க. யாரு காரமா எழுதறாங்களோ அவங்களுக்குன்னு ஆசிரியர் சொல்லிட்டார். இதைப் பாருங்க."

உமையாள் வாங்கிப் படித்தார்.

அது சேந்தனை விட ஒரு படி மேலே போயிருந்தது. ஆற்றைத் தாண்டினால் போதாது என்றது. அக்கரையின் இன்ன ஊர்கள்தான் ஆயுதக் குழுவுக்குச் சோறு போடுகின்றன என்று ஐந்து ஊர்களின் பெயரைச் சொன்னது. அந்த ஊர்கள் இருக்கக் கூடாது என்றது. நல்ல தமிழ். ஒரு ஒற்றுப்பிழை கிடையாது.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"படகை நிறுத்தாதேன்னு எழுதினவர்?"

"அதுவும் நான்தான்மா."

"அவர் எங்க போயிட்டார்?"

அம்பலவாணன் தாளை வாங்கக் கை நீட்டினார். உமையாள் கொடுக்கவில்லை.

"இந்த அஞ்சு ஊருக்கும் போயிருக்கீங்களா?"

"ரெண்டு ஊருக்குப் போயிருக்கேன். நல்ல சனம். மீன் குழம்பு வச்சுப் போட்டாங்க."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதில் விழுந்தது போல நிறுத்தினார். உமையாள் தாளைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி மொச்சையை எடுத்துக்கொண்டார்.

தோல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது அம்பலவாணனைக் குத்தியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று வெடித்தார். "நான் படிச்சேன். அந்த நாட்டுக்குப் பத்துத் தடவை போனேன். அவங்க பாஷையைக் கத்துக்கிட்டேன். எந்த ஒப்பந்தம் எந்த வருஷம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணுமே! ஆனா அவன்கிட்ட ஒண்ணு இருக்கு. அவனுக்கு ஒரு சாவு கிடைச்சிருக்கு. அந்தச் சாவு என் வீட்டுல விழுந்திருந்தா, இந்த நாடே என்னைத்தான் படிச்சிருக்கும்!"

மொச்சைத் தோல் விழவில்லை.

உமையாள் கையை நிறுத்தியிருந்தார்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?" குரல் சாதாரணமாக இருந்தது. விருந்தாளியிடம் விசாரிக்கிற குரல்.

"அம்மா. சம்சாரம். பொண்ணு ஒருத்தி."

"பொண்ணு என்ன படிக்கிறா?"

"கல்லூரி, முதல் வருஷம்."

"மூணு பேர்."

"ஆமா."

"யாரைத் தர்றீங்க?"

அம்பலவாணன் வாயைத் திறந்தார்.

உமையாள் காத்திருந்தார். உண்மையாகவே பதிலுக்குக் காத்திருப்பவர் போல, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. தாளிக்கிற வாசம் வந்தது. உமையாள் திரும்பி வரவில்லை.

அம்பலவாணன் எழுந்து செருப்பைத் தேடினார். கண் எதிரே கிடந்த செருப்பைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

*

மலை அடிவாரத்தில் பஸ் நின்றுவிட்டது. ராணுவ வண்டிகள் போக வழிவிட வேண்டுமாம். வரிசை வரிசையாக ஆற்றுப் பக்கம் போயின. தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் சேந்தனின் கடைசி வரியை உரக்கச் சொன்னார். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள்.

அந்த வரிக்காக அம்பலவாணன் எத்தனையோ நாள் பொருமியிருக்கிறார். இன்றைக்கு அது காதில் விழுந்தபோது அவருக்கு ஞாபகம் வந்தது விளக்கு.

சேந்தன் வீட்டுக்கு அவர் இதுவரை போகவில்லை. சாவுக்கும் போகவில்லை. அலுவலகத்தில் எல்லாரும் கிளம்பியபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். மாலைக்குத் தன் பங்கை மட்டும் கொடுத்தனுப்பினார்.

தலைநகரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போனார்.

கதவைத் திறந்தது சேந்தன்தான். பேப்பரில் வருகிற படத்துக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை. முகம் வற்றியிருந்தது. பனியனில் காப்பிக் கறை.

"அண்ணே! வாங்க, வாங்க. உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

அம்பலவாணனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்தக் காய்ச்சல் நினைவு வந்தது.

"பரவாயில்லப்பா," என்றார்.

உள்ளே நாற்காலியில் துணிகள் குவிந்திருந்தன. சேந்தன் அவற்றை அள்ளி ஓரமாக வைத்துவிட்டு உட்காரச் சொன்னான். சுவரில் தேன்மொழி. மாலை வாடியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அம்பலவாணன் வழியெல்லாம் யோசித்துவைத்த ஆறுதல் ஒன்றும் நாக்கில் வரவில்லை.

சேந்தனே பேசினான்.

"ஞாயித்துக்கிழமைக் கட்டுரையை நான் எழுதலண்ணே. ஆசிரியர்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏன்?"

"எழுதினா தூக்கம் வரும்னு நினைச்சேன். வரல." சேந்தன் மேசை மேல் கிடந்த ஒரு தாளைக் காட்டினான். "அந்தக் கரையிலயும் ஒருத்தன் எழுதியிருக்கான். நம்ம பாஷையில மாத்தி யாரோ அனுப்பினாங்க. அன்னிக்கு அதே துறையில செத்தவங்கள்ல ஒருத்தி அவன் தங்கச்சி. அவளுக்கு எலிச்சத்தம்னா பயமாம். அதுல தொடங்குறான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கடைசியில அவனும் ஆத்தைத் தாண்டச் சொல்றான்."

வெளியே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

"ஞாயித்துக்கிழமைக்கு உங்ககிட்ட வாங்கச் சொன்னேன்," என்றான் சேந்தன். "புதுசா ஒண்ணு எழுதி வச்சிருக்கீங்களாமே?"

முதல் பக்கம். முழுப் பக்கம். கேட்காமலே மடியில் வந்து விழுந்துவிட்டது. அம்பலவாணன் அந்தச் சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. பைக்குள் அந்தத் தாள் இருந்த இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"புதுசு இல்லப்பா," என்றார். "பழசுதான். படகை விடச் சொல்லி."

"அதையே குடுங்கண்ணே."

"படிப்பாங்களா?"

"தெரியல," என்றான் சேந்தன்.

அம்பலவாணன் எழுந்தார். சேந்தன் வாசல் வரை கூடவே வந்தான். செருப்பு மாட்டும்வரை நின்றான்.

"நேரா வீட்டுக்குத்தானேண்ணே?"

"ஆமாப்பா."

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றார் அம்பலவாணன். "அம்மா, சம்சாரம், பொண்ணு. எல்லாரும் இருக்காங்க."

சேந்தன் அவரையே பார்த்தான். பார்வை அவர் மேல் தொடங்கி, அவரைத் தாண்டி, வெளிச்சமான ஏதோ ஒரு வீட்டுக்குள் போய் நின்றது. அந்தப் பார்வை அம்பலவாணனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் அதை அவரே சுமந்து திரிந்திருக்கிறார்.

"நீங்க குடுத்து வச்சவர் அண்ணே," என்றான் சேந்தன்.