இரண்டிலும் வெள்ளைப் பூ

"உண்மைங்கிறது எல்லாருக்கும் பொதுவா, சாமி?"

கேட்டவர் சங்கரநயினார். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். கேள்வி கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்த மடத்தில் ஆள் கிடையாது. கடவுளுக்குப் பசிக்குமா, பாம்புக்குப் பாவம் உண்டா என்று எல்லாம் கேட்டு முடித்தவர். ஆனால் அன்று சாயங்காலம் கேட்ட குரல் வேறு மாதிரி இருந்தது.

குரு ஓடைக்கரையில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு என்ன தோணுது நயினாரே?"

"பொது இல்லைன்னுதான் தோணுது. இருபது வருஷம் துணி மூட்டையைத் தலையில சுமந்து ஊர் ஊரா வித்தவன் நான். ஒரு ஊர்ல அக்கா மகளைக் கட்டுறது உரிமை. இன்னொரு ஊர்ல அதைச் சொன்னாலே காறித் துப்புறான். ஒரு கோயில்ல கிடா வெட்டலைன்னா சாமி குத்தம். அடுத்த கோயில்ல வெட்டினா குத்தம். ஊருக்கு ஒரு நியாயம். இதுல உண்மை பேசுறது மட்டும் எப்படி எல்லாருக்கும் தர்மமாகும்?"

"நல்லாத்தான் கேக்கிறீர்."

"அப்போ நான் சொல்றது சரிங்கிறீங்க?"

குரு வேட்டியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினார்.

"உம்ம குடலையில இன்னைக்கு வெள்ளைப் பூ மட்டும் இருக்கே. செவ்வரளி பூக்கலையா?"

நயினார் குடலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பேச்சில் மனசு இப்படியா அப்படியா என்று தடுமாறினால், இங்கே வந்து பூக் கட்டிப் பார்ப்பார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் ஒன்றுபோல மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டில் மூத்தவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும்.

பல வருஷமாக அந்தப் பொட்டலங்களைக் கட்டுவது நயினார்தான். மறுநாள் காலையில் பூப் பார்க்க வரப்போவது அவருடைய சொந்த மகள் ஆவுடைக்காக. பெண்ணைப் பெற்றவனே பொட்டலம் கட்டலாமா என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நயினார் கை என்றால் அவ்வளவு நம்பிக்கை.

"சாமிகிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது" என்று நயினார் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். "ரெண்டுலயும் வெள்ளையை வைக்கப் போறேன்."

குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆவுடைக்கு எப்பவாவது வலிப்பு வரும். உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப் போனா ரெண்டு தடவை. எப்படியோ மாப்பிள்ளையோட அம்மா வெள்ளத்தாய் காதுக்குப் போயிருக்கு. போன வாரம் நேராவே கேட்டாங்க. சின்ன வயசுல ஒரு காய்ச்சல்ல வந்தது, அதோட போச்சுன்னு சொல்லிட்டேன். பாதி நம்பிட்டாங்க. மீதிக்குத்தான் பூப் பாக்க வர்றாங்க."

"ஏன் அப்படிச் சொன்னீர்?"

"ஏனா? நாலு இடத்துல உள்ளதைச் சொன்னேன் சாமி. நாலு பேரும் காப்பியைப் பாதியில வச்சிட்டு எழுந்து போனாங்க. பொண்ணுக்கு இருபத்தெட்டு முடியப் போகுது. தாயில்லாப் பிள்ளை. நான் கண்ணை மூடிட்டா அவளுக்கு யாரு இருக்கா? கல்யாணப் பேச்சுல கூட்டிக் குறைச்சுச் சொல்லாதவன் உலகத்துல எவன் இருக்கான்? அதுவும் ஒரு வழக்கந்தானே?"

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குரு குடலையிலிருந்து இரண்டு நந்தியாவட்டைப் பூக்களை எடுத்தார். நயினார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு இலைத் துண்டுகளில் ஒவ்வொன்றாக வைத்து மடித்தார். நாரால் கட்டினார். இரண்டையும் கல்லின் மேல் வைத்தார்.

"எடும்."

"எதுக்கு?"

"மக போற வீட்டுல நல்லா இருப்பாளா மாட்டாளா? அம்மனை நினைச்சு ஒண்ணை எடும்."

"விளையாடுறீங்களா சாமி? ரெண்டுலயும் வெள்ளைதானே வச்சீங்க?"

"வெள்ளை வந்தா உமக்குச் சந்தோஷந்தானே?"

"இது என்ன சந்தோஷம்? நீங்க வச்சது வரப் போகுது. அம்மன் சொன்னதா ஆகுமா?"

"அம்மன் என்ன சொல்றாள்னு உமக்குத் தெரியணுமோ?"

"என்ன சாமி இப்படிக் கேக்கிறீங்க? பெத்தவனாச்சே. தெரியாம எப்படி அனுப்புவேன்?"

"தெரியணும்னா என்ன செய்யணும்?"

"ஒண்ணுல சிவப்பு வைக்கணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நயினாருக்கு உறைத்தது.

"அந்த வெள்ளத்தாயும் பெத்தவதான்" என்றார் குரு.

நயினாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன சாமி! பிள்ளையா குட்டியா! நாளைக்கு நீங்களே அவங்ககிட்ட போட்டு உடைச்சிருவீங்க போலிருக்கே."

"என்கிட்ட கேட்டா சொல்லுவேன். ஆனா கேக்க மாட்டாங்க. நயினார் மடத்துல இருக்கிறவர், பொய் சொல்ல மாட்டார்னு நம்பி வர்றாங்க. நீர் தைரியமாக் கட்டலாம்."

நயினார் குடலையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நயினாரே."

நின்றார்.

"ஆவுடை அடுப்படியில விழுந்தா நீர் என்ன செய்வீர்?"

"அடுப்புப் பக்கத்துல இருந்து நகத்துவேன். ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன். அடங்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். வேற என்ன செய்ய?"

"அங்கே யார் செய்வா?"

நயினார் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

அங்கே ஆவுடை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் சுளகை நிறுத்தவில்லை.

"மாத்திரையை அங்கே எங்க ஒளிச்சு வைக்கிறதுன்னு ஒரு வாரமா யோசிச்சுக்கிட்டே இருக்கேம்ப்பா" என்றாள்.

காலையில் வெள்ளத்தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. மகன் நல்ல உயரம். வந்ததிலிருந்து தலையைக் குனிந்தபடியே நின்றான். குரு இருவருக்கும் விபூதி கொடுத்தார். வெள்ளத்தாய் அம்மன் காலடியைப் பார்த்தாள். அங்கே பொட்டலம் எதுவும் இல்லை.

"என்னண்ணே, இன்னும் கட்டலையா?"

"கட்டலைம்மா" என்றார் நயினார். "அம்மனைக் கேக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்லை. தெரிஞ்சவன் நான் இருக்கேன். போன வாரம் நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். எம் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு. சின்ன வயசோட போகலை. போன ஐப்பசியில கூட வந்தது. மாத்திரை சாப்பிடுறா."

வெள்ளத்தாய் முகம் சிவந்துவிட்டது.

"நல்லாருக்குண்ணே நியாயம்! மடத்துல இருக்கிற நீங்களே இப்படிப் பண்ணினா நாங்க யாரைத்தான் நம்புறது?"

"தப்புத்தாம்மா."

"எம் மகன் வாழ்க்கைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கும்மா. அதான் சொல்லிட்டேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு மகனை ஒரு பார்வை பார்த்தாள். இருவரும் படியிறங்கினார்கள். மகன் ஓடையைத் தாண்டிவிட்டான். வெள்ளத்தாய் மட்டும் தாண்டாமல் நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள்.

"வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இன்னும் போகவில்லை. "கையில இரும்பைக் குடுப்பாங்களே, அதா?"

"இரும்பெல்லாம் வேண்டாம். வாயில எதையும் வைக்கக் கூடாது. கையைக் காலைப் பிடிச்சு அமுக்கக் கூடாது. நெருப்பு, தண்ணி பக்கத்துல இருந்தா நகத்தணும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டுப் பக்கத்துல இருந்தாப் போதும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும். அடங்கலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும்."

"ஒருக்களிச்சு" என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமாம்மா."

"சரி. சொல்லி அனுப்புறோம்."

இந்தத் தடவை ஓடையைத் தாண்டிப் போயே விட்டாள்.

சொல்லி அனுப்புறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நயினாருக்குத் தெரியும். நாலு வீட்டிலும் கேட்டது அதே பேச்சு. தூணில் சாய்ந்து, பெரிய மனிதர் என்ற கூச்சமெல்லாம் விட்டு, விசும்பி விசும்பி அழுதார். குரு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அஞ்சாவது இடம் சாமி. மனசு வெடிச்சிரும் போல இருக்கு. பொய் சொல்லியிருந்தா இந்நேரம் நாள் குறிச்சிருப்பாங்க."

"குறிச்சிருப்பாங்க."

"இனிமே அவங்க வருவாங்களா?"

"தெரியாது."

"ஒருவேளை வந்தா?"

"வந்தா ஆவுடையைக் கேட்டு வருவாங்க" என்றார் குரு. "நேத்து வரைக்கும் அவங்க கேட்டு வந்தது வேற யாரையோ."