வெண்ணெயில் வந்த கருவாட்டு வாடை

குன்றையூர் அரசர் வீரகேசரி புரட்டாசி விரதத்தில் மிகக் கண்டிப்பானவர். அந்த மாதம் முழுவதும் அரண்மனைக்குள் மீன் வாடையே வரக் கூடாது. அப்படிப்பட்டவரின் சனிக்கிழமைப் பூசைக்கு வந்த வெண்ணெயில் கருவாட்டு வாடை!

"யார் செய்த வேலை இது?" என்று கர்ஜித்தார்.

சமையற்காரர் சடகோபன் ஓடிவந்து கைகட்டி நின்றார். "நானே கடைந்து எடுத்த வெண்ணெய், மகாராஜா. வேறு எதுவும் சேர்க்கவில்லை."

"சேர்க்காமல் வாடை எப்படி வரும்?" என்றார் அமைச்சர் உக்கிரசேனர். அந்த வேலையில் தன் மைத்துனனை அமர்த்த அவருக்கு வெகுநாள் ஆசை.

"நாளை மாலையோடு கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பு" என்றார் அரசர். சடகோபனின் கண் கலங்கியது.

அரசவை விகடர் மருதவாணர் நெளிந்துகொண்டே எழுந்தார். "அதுவரை பொறுங்கள், அரசே. அமைச்சர் தம் கையாலேயே கொஞ்சம் வெண்ணெய் கடைந்து தரட்டும்."

அமைச்சர் முனகிக்கொண்டே கடைந்தார். அந்த வெண்ணெயைத் திறந்த கிண்ணத்தில் வைத்து, சுற்றிலும் மல்லிகையைக் குவித்து, ஒரு பெட்டிக்குள் பூட்டினார் மருதவாணர். சாவி அரசரிடம் இருந்தது.

மறுநாள் மாலை பெட்டியைத் திறந்து அரசர் வெண்ணெயை முகர்ந்தார். கமகமவென்று மல்லிகை மணம்!

"அமைச்சரே, எத்தனை பூவை அரைத்துக் கலந்தீர்?" என்று கேட்டார் மருதவாணர்.

"நானா? ஓர் இதழ்கூடச் சேர்க்கவில்லையே!"

"சடகோபனும் அதைத்தானே சொல்கிறார்! பக்கத்தில் எது இருந்தாலும் அதன் மணத்தை வெண்ணெய் இழுத்துக்கொள்ளும், அரசே."

"அப்படியானால் வெண்ணெய் அறைக்குள் கருவாடு இருந்திருக்கிறது. யாருடையது?"

மருதவாணர் தலையைச் சொறிந்தார். "அடியேனுடையதுதான். புரட்டாசி பிறந்ததும் வீட்டிலுள்ள கருவாட்டையெல்லாம் தூக்கிப்போடச் சொன்னாள் என் மனைவி. மனம் வரவில்லை. ஒரு மூட்டையை இங்கே உறியில் ஒளித்தேன். இவ்வளவு பெரிய அரண்மனையில் வெண்ணெய்ப் பானைக்கு மேலே இடம் பார்த்தேனே, என்னைப் போய் ஊர் புத்திசாலி என்கிறது!"

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பதினைந்து வருடமாக என் பக்கத்தில் இருக்கிறீர். என் விரதம் உம்மேல் கொஞ்சமாவது ஒட்ட வேண்டாமா?"

"ஒட்டாமலா, அரசே? தினமும் வந்து முகர்ந்து மட்டும்தானே பார்த்தேன்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சடகோபனுக்கு வேலையோடு பட்டாடையும் கிடைத்தது.

"உமக்கும் ஒன்று உண்டு" என்றார் அரசர். "அந்த மூட்டையை நீரே கொண்டுபோய் உம் மனைவி கையில் கொடும்."

மருதவாணர் கைகூப்பினார். "அரசே, சிறைச்சாலையில் இடம் ஏதும் காலியாக இருக்கிறதா?"