களஞ்சியத்தில் நெல் இருக்கிறதா?

“நம் அமைச்சரை நாமே வெட்டப் போகிறோம். அது பாவமா, தர்மமா? அதை மட்டும் சொன்னால் போதும்.”

குன்றையூர் அரசர் சேந்தனார் குடிசைக்குள் நுழைந்ததும் இப்படித்தான் கேட்டார். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. எழுபது வயதில் நாட்டைப் பறிகொடுத்துவிட்டுக் காட்டுக்கு ஓடிவந்த மனிதர். மிச்சம் இருந்தது ஒரு வாள்தான். அதற்காவது ஒரு வேலை கொடுக்க வேண்டாமா?

வெட்டுப்பட வேண்டியவர் வெளியே வேப்பமரத்தில் கட்டுண்டு கிடந்தார். பெயர் விடங்கர். கட்டியிருந்தது அரசரின் மேல்துண்டு. கோட்டை விழுந்த பிறகு அரசரோடு ஓடிவந்த ஒரே ஆளும் அவர்தான்.

குடிசையில் இருந்த துறவி சடைச்சியம்மைக்கு அரசரின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் சிக்கல் என்றால் அவரிடம்தான் வருவார்கள். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அப்படி என்ன பண்ணிட்டார்?”

“துரோகம். மருமகன் கோட்டையை வளைத்துக்கொண்டான். அவன் பேராசைக்காரன், தெரிந்த விஷயம். பாதி நாட்டைக் கொடுத்தால் போய்விடுகிறேன் என்று ஆள் அனுப்பினான். நாம் விடங்கரைக் கூப்பிட்டு, களஞ்சியத்தில் நெல் இருக்கிறதா என்று கேட்டோம்.”

“என்ன சொன்னார்?”

“நிறைய இருக்கிறது மகாராஜா என்றார். அதை நம்பித்தான் சமாதானம் வேண்டாம் என்று கதவைச் சாத்தினோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. களஞ்சியத்தைத் திறந்தால் வெறுந்தரை. பசி பொறுக்காமல் காவலர்களே மருமகனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.”

அரசர் வாளைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

“சின்ன வயதிலிருந்து கூடவே இருந்தவர், தாயே. மருமகன் செய்ததுகூட இவ்வளவு வலிக்கவில்லை.”

“நிறைய இருக்குன்னு எப்படிச் சொன்னார்? சிரிச்சுக்கிட்டா?”

“அழுதுகொண்டு. அந்த நடிப்பை நினைத்தால்தான் நமக்கு வயிறு எரிகிறது.”

சடைச்சியம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார். வயிறு எரிவதைச் சொன்னதும் அரசருக்கு அது காய்வதும் ஞாபகம் வந்தது.

“பாவ புண்ணியத்தைப் பிறகு பார்க்கலாம். நேற்றிலிருந்து பட்டினி. சோறு இருக்கிறதா?”

“நிறைய இருக்கு.”

அரசர் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். மூலையில் இருந்த தேக்கிலையை எடுத்துத் தானே விரித்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அம்மை கீரையை ஆய்ந்து முடித்தார். தண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். வாசலைப் பெருக்கிவிட்டு வந்தார்.

இலை அப்படியே இருந்தது.

“என்ன கேலி இது?” என்று அரசர் எழுந்துவிட்டார். “சோறு நிறைய இருக்கிறது என்றீர்களே!”

அம்மை பானையைச் சாய்த்துக் காட்டினார். கழுவிக் கவிழ்த்துக் காய்ந்த பானை.

“துறவி வாயில் பொய்யா?”

“நிசத்தைத்தான் சொன்னேன். தீர்ந்துபோனா இல்லேன்னு சொல்லக் கூடாது, வீட்டுக்கு ஆகாது, நிறைய இருக்குன்னு சொல்லணும்னு எங்கம்மா பழக்கினது. அரிசி, உப்பு, எண்ணெய் எல்லாத்துக்கும் அதே பேச்சுத்தான். உங்க ஊர் அடுப்படியிலயும் அப்படித்தானே சொல்வாங்க?”

அரசருக்கு எப்படித் தெரியும்? அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல் எழுபது வருஷம் சாப்பிட்டவர் அவர்.

“உங்க சபையில எப்படிச் சொல்வாங்க?”

“நம் சபையில் ‘இல்லை’ என்ற சொல்லே கூடாது. அமங்கலம். முடிசூட்டிக்கொண்ட அன்றே ஆணை போட்டோம். ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவன் நாக்கை…”

அரசர் நிறுத்திக்கொண்டார்.

“சரி. அதுக்கப்புறம் ஒண்ணு தீர்ந்துபோச்சுன்னா, அதை உங்ககிட்ட எந்த வார்த்தையில சொன்னாங்க?”

இத்தனை வருஷத்தில் அரசர் அதைக் கேட்டதே கிடையாது. ஆணை போட்டது அவர். அதற்கான வார்த்தையைச் சபையில் இருந்தவர்கள் தங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சடைச்சியம்மை தடுக்கவில்லை. அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

வாளோடு வருகிற அரசரைப் பார்த்ததும் விடங்கர் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தை நீட்டினார். துண்டு அறுந்து விழுந்தது. கண்ணைத் திறந்தபோது அரசர் எதிரே புழுதியில் உட்கார்ந்திருந்தார்.

“விடங்கரே, உமக்கு என் மேல் கோபம் இருக்கிறதா?”

விடங்கர் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

“நிறைய இருக்கிறது, மகாராஜா.”

அறுந்த துண்டை எடுத்து உதறி மடித்தார்.

“எந்த நிறைய?” என்று கேட்டார் அரசர்.